சிற்றின்பமும் சிறிய இன்பமும்

(அட்சய திருதியைத் திருநாளில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழில் ஒரு சொல்லுக்கு நேர்ந்த நிலையை முதலில் எண்ணிப் பார்ப்பது இன்றைய பொருளுக்கு உதவும். 'சிற்றின்பம்' என்னும் சொல்லைப் பிரித்தால் சிறுமை, இன்பம் என்னும் இரண்டு கூறுகளே எஞ்சும். சிறிய இன்பம் என்பதே அதன் நேர்பொருள். ஆனால் பேரின்பம் என்பதற்கு எதிரே நிறுத்தப்பட்டு, புலனின்பம், அதிலும் குறிப்பாகக் காமம் என்ற பொருளிலேயே அது நிலைத்துவிட்டது. இதனால், கோடையில் மண்பானை நீர் தரும் குளிர்ச்சிக்கும், மாலையில் திண்ணையில் வந்து படும் காற்றுக்கும், பேரப்பிள்ளையின் மழலைக்கும் பொதுவாக வழங்கத்தக்க ஒரு நல்ல பெயர் இல்லாமற் போயிற்று. பெயரற்ற பொருளை மக்கள் எளிதில் கவனிப்பதில்லை.

சமண இல்லங்களில் இந்த இழப்பு இன்னும் ஒரு படி கூடுதலாக உள்ளது. இரவில் உண்ணாதே, கிழங்கைத் தொடாதே, தேனைச் சுவைக்காதே, வடிகட்டாத நீரைப் பருகாதே என்று எதிர்மறை ஏவல் வினைகளாலேயே இயங்கும் சமயமா இது என்று கல்லூரி செல்லும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அக்கேள்வியில் குறும்பு இருக்கலாம், குற்றம் இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டவை அனைத்தும் அவ்வாறே சொல்லப்பட்டன. அவ்விலக்குகளுக்குள் வாழ்ந்த பாட்டனும் பாட்டியும் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்பதும், அம்மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்பதும் சொல்லப்படவில்லை.

ஸ்ரீபுராணம் படித்துவரும் இல்லங்களுக்கு இந்நாளின் வரலாறு புதிதன்று. ஆயினும் அதில் ஓரிடம் எப்போதும் விரைந்து கடக்கப்படுகிறது. ஆதிபகவன் விருஷபதேவர் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாநோன்பில் நின்றார். பின்னர், துறவியர் உணவு ஏற்கும் நெறியை உலகிற்குக் காட்டும்பொருட்டு ஊர்தோறும் நடந்தார். துறவிக்கு உணவளிக்கும் முறையை அறிந்தவர் அக்காலத்தில் ஒருவரும் இலர். ஏனெனில் அதற்கு முன் துறவியே இலர். நேற்றுவரை நாடாண்ட பெருமான் வாயிலில் வந்து நிற்கிறார் என்று கண்ட மக்கள் மணிகளைக் கொண்டுவந்தனர்; பட்டாடைகளைக் கொண்டுவந்தனர்; யானையையும் குதிரையையும் தேரையும் கொண்டுவந்து நிறுத்தினர்; தம் மகளிரை மணம் செய்துதரவும் முன்வந்தனர். பெருமான் எதையும் ஏலாமல் அடுத்த வாயிலுக்குச் சென்றார். இவ்வாறு ஓராண்டுக்கு மேல் கழிந்தது.

அந்த மக்களிடம் அன்பு குறைவா? இல்லை. செல்வம் குறைவா? அதுவும் இல்லை. பெரிய மனிதருக்குப் பெரிய பொருளே தகும் என்ற எண்ணம் அவர்கள் கண்ணை மறைத்தது. பசித்தவர் முன் நின்றபோது அடுப்பங்கரையில் இருந்த பொருள் எவர் நினைவிற்கும் வரவில்லை.

அத்தினாபுரத்தில் சோமப்பிரப மன்னனின் இளவல் சிரேயாம்சன் பெருமானைக் கண்ட அளவில் முற்பிறப்பு நினைவு பெற்றான். வஜ்ரஜங்கனும் ஸ்ரீமதியும் ஆகிய இருவர் காட்டில் முனிவர்க்கு உணவளித்த நிகழ்ச்சி அவன் உள்ளத்தில் தோன்றியது. அந்த ஸ்ரீமதியே இப்பிறப்பில் சிரேயாம்சன். அந்த வஜ்ரஜங்கனே பெருமான். உடனே அவன் கருப்பஞ்சாற்றைப் பெருமானின் இணைந்த கைகளில் வார்த்தான். கைகளே கலமாக, நின்றபடியே பெருமான் அதை ஏற்றார். ஆகாரதானம் என்னும் அறம் உலகில் தொடங்கியது அன்றுதான். பொன்னும் மணியும் யானையும் திருப்பி அனுப்பப்பட்ட வரலாற்றில், ஏற்கப்பட்டது வயலில் விளைந்து ஆலையில் பிழிந்த சாறு.

இதே நாளின் காலை நாளிதழைப் பிரித்தால் பக்கம் பக்கமாக நகைக்கடை விளம்பரம். பெருமான் வேண்டாம் என்று கடந்து சென்ற பொருளை வாங்குவதற்கே உரிய நாள் என்று அவர் பெயரால் வந்த திருநாள் ஆகிவிட்டது. பிறர் செய்வதைப் பற்றி இவ்வவையில் பேச வேண்டியதில்லை. சிரேயாம்சனின் வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கும் குடும்பங்களும், வீட்டில் பணம் இல்லாதபோதுகூட ஒரு கிராமாவது வாங்கிவிட வேண்டும் என்று வரிசையில் நிற்பதுதான் வருத்தத்திற்குரியது.

இல்லறத்தார்க்குப் பன்னிரண்டு விரதங்கள். அவற்றுள் கொல்லாமை முதலிய அணுவிரதங்கள் ஐந்தும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். குணவிரதங்களுள் ஒன்றாகிய போகோபபோக பரிமாணம் என்பதன் பெயரே பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவரும் 'நுகர்பொருளைக் குறைத்தல்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் குறட்பாக்களால் அமைந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை எடுத்துரைக்கும் நூல்கள். அருங்கலம் என்பது இரத்தினம். செப்பு என்பது கரண்டகம். நூற்பெயரையே தமிழாக்கிக்கொண்ட அழகு அதில் உண்டு.

ஒருமுறை நுகர்ந்ததும் தீர்ந்துபோவது போகம். சோறும் மலரும் அத்தகையவை. மீண்டும் மீண்டும் நுகரப்படுவது உபபோகம். ஆடையும் அணியும் அத்தகையவை. இவற்றுக்கு இல்லறத்தான் தானே ஓர் அளவு வரைந்துகொள்வது இவ்விரதம். எவற்றுக்கெல்லாம் அளவு வரையலாம் என்று சமந்தபத்திரர் எண்ணிக் காட்டும் பொருள்களைக் கவனித்தல் வேண்டும். உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல், பூசுசாந்து, மலர், வெற்றிலை, உடை, அணி, காமம், இசை, பாடல் என்று அவ்வரிசை செல்கிறது. அரண்மனையும் அரியணையும் அதில் இல்லை. குளித்து முடித்த உடலின் குளிர்ச்சி, கூந்தலில் ஒரு சரம் மலர், உணவுக்குப் பின் ஒரு வெற்றிலை, காதில் விழும் ஒரு பாட்டு ஆகியவையே உள்ளன. உலகை வெறுத்த ஒருவர் எழுதிய வரிசையாக இது தோன்றவில்லை. இல்லறத்தானின் ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை அருகிருந்து பார்த்தவர் எழுதியது போன்றே உள்ளது.

காலமும் அவ்வாறே எண்ணப்படுகிறது. இன்று மட்டும், ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், இரு திங்கள் கொண்ட ஒரு பருவம், ஆறு திங்கள் கொண்ட ஓர் அயனம் என்று கால எல்லை வைத்துக்கொள்ளலாம், அது நியமம். வாழ்நாள் முழுவதற்கும் கொள்வது யமம். வாழ்நாள் முழுவதற்கும் ஏற்க இயலாதவனை நூல் வாயிலில் நிறுத்திவிடவில்லை. 'இன்று ஒரு நாளாவது' என்று அவனை உள்ளே அழைத்துக்கொள்கிறது.

அளவு வரைய வேண்டுமாயின் எண்ண வேண்டும். எண்ண வேண்டுமாயின் பார்க்க வேண்டும். இத்திங்களில் ஒரு வகை இனிப்பு மட்டுமே என்று வரைந்துகொண்டவர், எது அந்த ஒன்று என்று ஆராய்ந்தே தீர்வார். பத்து வகை இனிப்பு அடுக்கிய தட்டின் முன் அமர்ந்தவர் எதையும் ஆராய்வதில்லை. உண்டு முடித்தபின் எதை உண்டோம் என்பதும் அவருக்கு நினைவிராது. சதுர்த்தசி உபவாசம் இருந்து மறுநாள் பாரணையில் ஒரு குவளை கஞ்சி பருகியவரைக் கேட்டால் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

திருவண்ணாமலையில் வாழும் சமணர்க்கு இதில் ஒரு தனி அனுபவம் உண்டு. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்களால் நிறைகிறது. அதற்கு முந்தைய நாளே சதுர்த்தசி. பேருந்துகளில் கூட்டம் வந்து இறங்கத் தொடங்கும் வேளையில், இவ்வூரில் சில இல்லங்களில் உபவாசம் நடந்துகொண்டிருக்கும். தெருவெங்கும் உணவுக் கடைகள் அடுப்பு மூட்டும் பௌர்ணமிக் காலையில் இங்கே பாரணை. ஊரின் நாட்காட்டியும் வீட்டின் நாட்காட்டியும் ஒரு நாள் இடைவெளியில் அருகருகே நடப்பதை இவ்வூரார் நன்கு அறிவர்.

இரவுண்ணாமையும் அப்படியே. விளக்கொளியில் வந்து விழும் சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேராதிருக்கவே இவ்வொழுக்கம் ஏற்பட்டது. மின்விளக்கு வந்தபின் அதற்குத் தேவை என்ன என்று கேட்போர், ஐப்பசி மழைக்குப் பின் அவ்விளக்கைச் சுற்றும் ஈசலைப் பார்த்தால் போதும். மாலையிலேயே உண்பது உடல்நலத்துக்கு ஏற்றது என்று மருத்துவர்களே கூறுகிறார்கள் என்று இப்போது சிலர் பெருமையுடன் சொல்வதுண்டு. கூறட்டும், நன்று. ஆனால் கொல்லாமையை மருத்துவச் சான்றிதழ் கொண்டு நிலைநாட்ட வேண்டியதில்லை. மருத்துவக் கருத்து நாளை மாறினால் விரதமும் மாறுமோ?

இவ்வொழுக்கத்தோடு வந்து சேர்ந்த இன்பம் வேறு. பகல் வெளிச்சத்தில் உண்ணும் குடும்பம் சூரியனை அறிந்த குடும்பம். திருவண்ணாமலையில் கார்த்திகை மாதத்தில் ஐந்தே முக்கால் மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது; ஆனி மாதத்தில் ஆறே முக்கால் மணியை நெருங்கி மறைகிறது. ஆண்டிற்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகரும் இவ்வெல்லையைக் கடிகாரம் பாராமலே சமையலறையில் நிற்கும் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். சுவரில் வெயில் எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்குப் போதும். வயலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் கடையிலிருந்தும் வீட்டார் அனைவரும் அந்த ஒரு வேளைக்குள் வந்து சேர்ந்தாக வேண்டும். சேர்ந்து உண்பது என்பதற்குத் தனியே ஒரு விதி வேண்டியிருக்கவில்லை. சூரியனே அவர்களைச் சேர்த்துவைத்தது. உண்டு முடித்தபின் அடுப்பில் வேலை இல்லை. இரவு முழுவதும் பேச்சுக்கும் படிப்புக்கும் பாட்டுக்கும் உரியதாயிற்று. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் சுடர் தோன்றும்போது, இவ்வூர்ச் சமண இல்லத்துப் பெண்கள் பாத்திரம் கழுவி முடித்து மொட்டைமாடியில் நிற்பார்கள். அடுப்பில் பால் பொங்குமோ என்ற கவலையின்றி அக்காட்சியைக் காணும் வாய்ப்பு பக்கத்து வீட்டாருக்குக் குறைவே.

நீர் வடிகட்டுதலும் சுமையாகவே இன்று பேசப்படுகிறது. இயந்திரம் வடித்துத் தருகிறதே என்பர். இயந்திரம் வடிப்பது குடிப்பவனுக்காக. மடித்த வெண்துணியில் நீரை வடித்து, துணியில் தங்கிய சிற்றுயிர்களை வடித்த நீரால் அலசி எடுத்த கிணற்றிலேயே சேர்த்த வழக்கமோ அவ்வுயிர்களுக்கும் சேர்த்து. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அதன் வீட்டில் கொண்டுவிட்டுத் திரும்பும் காலைப்பொழுது எத்தகையதாக இருந்திருக்கும்!

இவ்விடத்தில் ஒரு தடை எழும், எழவும் வேண்டும். விரதத்தின் நோக்கம் பற்றைக் குறைப்பதா, இன்பத்தைப் பெருக்குவதா? அளவு வரைந்தால் சுவை கூடும் என்று சொல்லி விரதத்தை நாவின் பணியாளாக்கிவிடலாமா?

கிரேக்க நாட்டில் எபிகியூரஸ் (கி.மு. 341–270) என்றொரு தத்துவ அறிஞர் இருந்தார். இன்பமே வாழ்வின் குறிக்கோள் என்றவர் அவர். அவர் பெயரால் இன்று பெருந்தீனியும் ஆடம்பரமும் சுட்டப்படுகின்றன. அவரோ ரொட்டியிலும் நீரிலும் நிறைவு கண்டவர். விரும்பும்போது விருந்துண்ணச் சிறு பானையளவு பாலாடைக்கட்டி அனுப்புமாறு நண்பரைக் கேட்டாராம். அவர் விருந்து அவ்வளவே. அளவின் அருமையை அவரும் கண்டார். ஆனால் அவர் அளவை நாடியது இன்பத்திற்காக; சமண இல்லறத்தான் அளவை ஏற்பது உயிரின் தூய்மைக்காக. கனிக்காக நட்ட மரம் நிழலும் தருகிறது. நிழலில் அமர்வது பிழையாகாது. நிழலுக்காகவே நட்டேன் என்று கனியை மறப்பதுதான் பிழை.

இவ்விரதத்திற்குச் சமந்தபத்திரர் கூறும் ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தை மாசுபடுத்தும் குறைகள், இதைத் தெளிவாக்கும். புலன்நுகர்ச்சி நஞ்சு என்ற எச்சரிக்கையைக் கைவிடுதல் ஒன்று. முன்பு நுகர்ந்ததையே மீள மீள நினைந்து ஏங்குதல் ஒன்று. நுகரும்போது பேராசை கொள்ளுதல், இனி நுகரப்போவதற்காகத் தவித்தல், அளவு கடந்து ஆழ்தல் ஆகியன ஏனைய மூன்று. இவற்றுள் ஏக்கமும் தவிப்பும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. போன தீபாவளியின் சுவையை எண்ணி இன்றைய உணவைக் குறைகூறுபவரும், அடுத்த மாதப் பயணத்தை எண்ணி இன்றைய மாலையைத் தள்ளிவிடுபவரும் ஒன்றையும் மிகையாக நுகரவில்லை. ஆயினும் விரதம் பழுதாகிறது. கடந்ததும் வருவதும் நீங்கியபின் எஞ்சுவது முன்னே இருக்கும் ஒரு கவளம். அதை அமைதியாக உண்பதே விரதத்தோடு பொருந்திய உண்டி.

மேலும், இன்பம் என்பதே சமணத்திற்கு அயலானதன்று. அனந்த ஞானம், அனந்த தரிசனம், அனந்த வீரியம் என்பவற்றோடு அனந்த சுகமும் அருகனின் நான்கு முடிவிலாக் குணங்களுள் ஒன்று. இன்பம் உயிரின் இயல்பு. பொருள்களிலிருந்து அது கடன் வாங்கப்படுவதன்று. பொருள் குறையக் குறைய மகிழ்ச்சி குறையாமல் நிற்பதை ஓர் இல்லறத்தான் ஒரு மாலைப்பொழுதிலேனும் கண்டுகொண்டால், அந்த முடிவிலா இன்பத்தின் ஒரு திவலையை அவன் அறிந்தவனாவான்.

புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் சென்றவர்கள் விதானத்து ஓவியத்தை நினைவுகூரலாம். தாமரைக் குளம், அதில் மீன், நீர்ப்பறவை, யானை, எருது, மலர் கொய்யும் மனிதர். சமவசரணத்தின் ஒரு பகுதியை அது காட்டுகிறது என்பர் அறிஞர். அனைத்தையும் துறந்தோர்க்குரிய குடைவரையில் ஒரு குளத்தின் காலைநேர மகிழ்ச்சி முழுவதும் தீட்டப்பட்டிருக்கிறது. அதே குன்றின் ஏழடிப்பட்டத்தில் துறவியர் படுத்த கற்படுக்கைகளிலும் தலைமாட்டில் தலையணை போலக் கல் சற்றே உயர்த்திச் செதுக்கப்பட்டுள்ளது. கல்லில் படுக்கத் துணிந்தவருக்கும் அந்தச் சிறிய உயர்வு வேண்டும் என்று எண்ணிய கைக்கு வணக்கம்.

இனி, இன்றைய இல்லங்களின் நிலை. ஆரணி, வந்தவாசி, போளூர், செய்யாறு வட்டாரத்துச் சிற்றூர்களில் பிறந்தோரின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணிபுரிகிறார்கள். அலுவலகம் முடிவதற்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. இரவுப்பணி செய்வோர்க்கு உணவே இரவில்தான். ஊருக்கு வரும்போது பெரியவர்கள் ஒன்று கடிந்துகொள்கிறார்கள். அல்லது, 'அவர்களால் முடியாது, விடுங்கள்' என்று முற்றும் விட்டுவிடுகிறார்கள். கடிதலினும் கைவிடுதலே பெருந்தீங்கு. கடிந்தால் பிள்ளை எதிர்த்துப் பேசும். அந்தப் பேச்சில் விரதமும் உயிரோடிருக்கும். விட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதன் பெயரும் தெரியாது. எண்ணிக்கையில் மிகச் சிறியதாகிய தமிழ்ச் சமணம் தன் அடையாளத்தைக் கோயில் கட்டடங்களில் மட்டும் காத்துக்கொள்ள இயலாது. மாலை உணவிலும் நீர்க்குடத்திலும்தான் அது இதுகாறும் உயிர்வாழ்ந்தது.

வழி நூலிலேயே உள்ளது. யமம் இயலாதவர்க்கு நியமம். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள் மாலையிலேயே உண்பது என்று பெங்களூரில் இருக்கும் இளைஞர் கொள்ளலாம். ஒரு பக்கத்திற்குப் புதிய ஆடை வாங்குவதில்லை என்று ஒருவர் கொள்ளலாம். இரண்டு நாழிகை, அதாவது நாற்பத்தெட்டு நிமிடம், கைபேசியைத் தொடாமல் சாமாயிகத்தில் அமர்வது என்று மற்றொருவர் கொள்ளலாம். ஒரு வேண்டுகோள்: எதை வரைந்துகொள்வது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். பெரியவர்கள் தேர்ந்தெடுத்துத் திணித்தது தண்டனையாகவே நினைவில் நிற்கும். எட்டு வயதுக் குழந்தை 'இந்த மாதம் ஒரே ஒரு பலகாரம், அது அதிரசம்' என்று முடிவுசெய்தால் சிரிக்காமல் அதை நாட்குறிப்பில் எழுதிவைத்தல் வேண்டும். அக்குழந்தை அத்திங்களில் உண்ணும் அதிரசத்தின் சுவையை அறுபது ஆண்டு கழித்தும் சொல்லக்கூடும். அதிசாரம் என்று ஆசாரியர் கண்டித்தாலும் கண்டிக்கலாம்.

பெரியவர்களுக்கும் ஒன்று. தாம் மகிழ்ந்ததை அவர்கள் சொல்ல வேண்டும். மாலை வெயிலில் முற்றத்தில் வட்டமாக அமர்ந்து உண்டதையும், உபவாசத்தன்று புராணம் படிக்கக் கேட்டுப் பசியை மறந்ததையும், பாரணைக் கஞ்சியில் மிதந்த நெய்த்துளியையும் பேரர்க்குச் சொல்லாமல், உண்ணாதே என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னது போதும்.

இன்று திருவண்ணாமலையில் சூரியன் மறைவது ஏறத்தாழ ஆறரை மணிக்கு. கருப்பஞ்சாறு ஐந்து மணிக்கே வழங்கப்படும்; ஒருவர்க்கு ஒரு குவளை.